அழைப்பு எங்கே நின்றது? அலுவலகத் தொலைபேசி அமைப்பில் அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் முறை

"போன் சரியாக வரவில்லை" என்று ஒரு நிறுவனத்தில் புகார் சொல்லும்போது, அந்த மூன்று சொற்களுக்குள் பத்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும். அழைப்பு கட்டடத்துக்குள் நுழையாமலே போயிருக்கலாம். நுழைந்து வேறு மேசையில் ஒலித்திருக்கலாம். சரியான மேசையில் ஒலித்தும், எடுத்தவுடன் அறுந்திருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால், அமைப்புத் திரையைத் திறந்து கண்ணில் பட்டதை மாற்றத் தொடங்குவதற்கு முன், அழைப்பு எந்த இடம்வரை வந்து நின்றது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அது ஏன் நின்றது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குள் போனால், ஓடிக்கொண்டிருந்த பகுதியையும் சேர்த்துக் கெடுத்துவிடுவோம்.

இந்த வழிமுறை, அலுவலகத் தொலைபேசி இணைப்பகமாக இயங்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளையும், அதை அமைப்பதற்காக அதன் மேல் இயங்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் திரையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் திறமூல மென்பொருள் என்பதால், வேறு பெயர்களில் விற்கப்படும் பல ஐபி-பிபிஎக்ஸ் (பிணையவழி அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) பெட்டிகளுக்குள்ளும் அதுவே இருக்கிறது. திரையில் பெயர்கள் மாறினாலும் அழைப்பு நடக்கும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான்: வெளியிலிருந்து, தொலைபேசிச் சேவை நிறுவனத்தோடு நம்மை இணைக்கும் ட்ரங்க் வழியாக உள்ளே வருகிறது, எந்த எண்ணுக்கு வந்தது என்று உள்வரும் வழிப் பட்டியலில் பார்க்கப்படுகிறது, அலுவலக நேரமா இல்லையா என்று சரிபார்க்கப்படுகிறது, "விற்பனைக்கு 1, கணக்குப் பிரிவுக்கு 2" என்னும் ஐவிஆர் குரலுக்குப் போகிறது, அங்கிருந்து பல போன்கள் சேர்ந்து ஒலிக்கும் ரிங் குரூப்புக்கோ, ஆள் கிடைக்கும்வரை அழைப்பைக் காக்கவைக்கும் கியூவுக்கோ, கடைசியாக ஒரு மேசையின் உள் எண்ணான எக்ஸ்டென்ஷனுக்கோ சேர்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தவறிப்போன அழைப்பு ஒன்றே ஒன்று போதும், ஆனால் அதன் விவரம் முழுமையாக வேண்டும். அழைத்தவரின் எண், அவர் அழுத்திய எண், நிமிடம் வரை சரியான நேரம், அவர் காதில் கேட்டது என்ன என்னும் நான்கையும் எழுதி வாங்குங்கள். "காலையிலிருந்தே இப்படித்தான்" என்பதை வைத்துக்கொண்டு பதிவேட்டில் எதையும் தேட முடியாது.

நான்காவது விவரத்தைப் பலர் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் மிகப் பெரிய துப்பு. அழைத்தவருக்குத் தொலைபேசி நிறுவனத்தின் வழக்கமான குரல் கேட்டதென்றால், அழைப்பு நம் வாசலுக்கே வராமல் இருந்திருக்கக்கூடும். ஆஸ்டரிஸ்க்கோடு வரும் ஆங்கிலப் பெண்குரல் கேட்டதென்றால், அழைப்பு நம் பெட்டிக்குள் நுழைந்துவிட்டது, அதைப் பெற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ஒன்றுமே கேட்காமல் மௌனமாக அறுந்தது என்றால் இன்னொரு திசையில் தேட வேண்டும். உங்கள் எக்ஸ்டென்ஷனிலிருந்து இல்லாத ஒரு எண்ணை ஒருமுறை அழுத்தி அந்த ஆங்கிலக் குரலை நீங்களே கேட்டு வைத்துக்கொண்டால், அடுத்த முறை புகார் சொல்பவரிடம் அதை விவரித்துக் கேட்க எளிதாக இருக்கும்.

பார்ப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. முடிந்த அழைப்புகளின் பதிவேடான சிடிஆர் ஒன்று. ஒவ்வொரு அழைப்பும் எந்தக் கட்டத்தைத் தாண்டுகிறது என்பதை வரி வரியாகக் காட்டும் ஆஸ்டரிஸ்க் கன்சோல் இரண்டாவது. அதன் விவர அளவை 5-க்கு உயர்த்திவிட்டுப் பாருங்கள். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இரு முனைகளும் பரிமாறும் எஸ்ஐபி செய்திகளைப் பிணைய மட்டத்தில் படிவரிசையாகக் காட்டும் எஸ்என்ஜிரெப் என்னும் கருவி மூன்றாவது. எதையாவது மாற்றுவதற்கு முன் முழு அமைப்பையும் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓர் அழைப்பு போட்டுப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

அறிகுறி: வெளியிலிருந்து அழைக்கிறார்கள், நம் பக்கம் எந்தத் தடமும் இல்லை

எஸ்என்ஜிரெப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியிலிருந்து நிறுவன எண்ணுக்கு அழையுங்கள். திரையில் புதிய வரி எதுவும் தோன்றவில்லையென்றால், உள்ளே எதைத் திருத்தியும் பயனில்லை. ட்ரங்க் சேவை நிறுவனத்தின் சர்வரில் பதிவான நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு இருந்தும் அழைப்பு வரவில்லையென்றால், இணைய இணைப்பின் ஐபி முகவரி மாறிவிட்டதா, ரவுட்டரின் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரி தோன்றியும் நம் பெட்டியிலிருந்து பதிலே போகவில்லையென்றால், கடவுச்சொல்லைப் பலமுறை தவறாகத் தரும் முகவரிகளைத் தானாகத் தடைசெய்யும் ஃபெயில்2பேன் பட்டியலைப் பாருங்கள்; அதில் சேவை நிறுவனத்தின் சொந்த முகவரியே சிக்கிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

வரி தோன்றுகிறது, ஆனால் கன்சோலில் "பொருந்தும் எண்ட்பாயிண்ட் இல்லை" என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறது என்றால், சேவை நிறுவனம் நீங்கள் குறித்து வைத்திருக்கும் முகவரியிலிருந்து அல்லாமல் வேறொரு முகவரியிலிருந்து அழைப்பை அனுப்புகிறது. அவர்களிடம் சர்வர் முகவரிகளின் முழுப் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்கி, ட்ரங்க்கின் பொருத்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். அவசரத்தில் "பெயரறியா அழைப்புகளை அனுமதி" என்னும் தேர்வை இயக்கி விடாதீர்கள். அழைப்பு வரத் தொடங்கும்தான். கூடவே ஊர் உலகத்தில் உள்ள திறந்த வாசல் தேடித் திரியும் தானியங்கி வருடிகள் (ஸ்கேனர்கள்) எல்லாமும் உள்ளே வரும்.

அறிகுறி: அழைப்பு உள்ளே வருகிறது, ஆனால் "இந்த எண் சேவையில் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்கிறது

அழைப்பு வாசல் தாண்டி வந்துவிட்டது, வரவேற்பறையில் அதன் பெயர் பட்டியலில் இல்லை, நடப்பது இதுதான். உள்வரும் வழியில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் டிஐடி எண்ணும் (வெளியார் அழைக்கும் நிறுவன எண்), ட்ரங்க் கொண்டுவந்து தரும் எண்ணும் ஒரே தொலைபேசி எண்ணாகவே இருந்தாலும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் அமைப்பு அதை ஏற்கும்.

கோவையில் நான் பராமரித்து வந்த ஒரு பம்ப் விற்பனை நிறுவனம், தனிக் கம்பி வழியாக வரும் டிஜிட்டல் வகையான பிஆர்ஐ இணைப்பிலிருந்து, கணினிப் பிணையம் வழியாக வரும் எஸ்ஐபி ட்ரங்க்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறியது. எண்கள் அப்படியே தொடரும் என்று உறுதி தரப்பட்டிருந்தது. எண்களும் தொடரத்தான் செய்தன. ஆனால் திங்கள் காலை ஒன்பதரை மணியிலிருந்து ஓர் அழைப்புகூட வரவேற்பாளரை எட்டவில்லை. கன்சோலில் அழைப்பு வருவது தெரிந்தது, அடுத்த வரியிலேயே ஆங்கிலக் குரல் ஒலிக்கும் கோப்பின் பெயர் வந்தது. பழைய பிஆர்ஐ இணைப்பில் எக்ஸ்சேஞ்ச் கடைசி நான்கு இலக்கங்களை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தது. உள்வரும் வழிகள் எல்லாம் அந்த நான்கு இலக்கங்களைக் கொண்டே எழுதப்பட்டிருந்தன. புதிய ட்ரங்க்கோ ஒரு பிளஸ் குறி, நாட்டுக் குறியீடு 91, கோவைக்கான 422, அதன்பின் ஏழு இலக்கங்கள் என்று 13 எழுத்துகளை அனுப்பியது. நான்கு எழுத்து வழி, பதின்மூன்று எழுத்து அழைப்புக்கு எப்படிப் பொருந்தும்? பழுது இவ்வளவுதான். அதற்குள் அங்கிருந்த இளைஞர் ஐவிஆரை அழித்து மீண்டும் உருவாக்கி, ரிங் குரூப்பையும் மாற்றியிருந்ததால், பத்து நிமிட வேலை மதியம் வரை இழுத்தது.

இந்த நிலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, டிஐடி கட்டத்தையும் அழைப்பவர் எண் கட்டத்தையும் வெறுமையாக விட்டு ஓர் உள்வரும் வழியை உருவாக்கி, அதை வரவேற்பாளரின் எக்ஸ்டென்ஷனுக்கு விடுவது. எந்த வழிக்கும் பொருந்தாத அழைப்பு அங்கே போய் விழும் என்பதால், நீங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் யாரும் "சேவையில் இல்லை" என்று கேட்க நேராது. பிறகு நிதானமாக, கன்சோலில் எண் எந்த வடிவில் வருகிறது என்று பார்த்து, பிளஸ் குறி உட்பட அதே வடிவில் வழியை எழுதுங்கள். நூறு எண்கள் கொண்ட தொகுதி என்றால், எண்ணுக்கு முன் அடிக்கோடு இட்டு, மாறும் இலக்கங்களுக்குப் பதிலாக எக்ஸ் எழுத்தைப் போட்டு ஒரே வடிவமாக எழுதலாம். அந்த அடிக்கோடு விடுபட்டால் அமைப்பு எக்ஸ் என்பதை ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், எதுவும் பொருந்தாது.

எந்த எண்ணுக்கு அழைத்தாலும் எல்லாம் ஒரே டிஐடியாகத் தெரிகிறது என்றால் அது வேறு கதை. சில சேவை நிறுவனங்கள் எஸ்ஐபி அழைப்பின் முதல் வரியில் ட்ரங்க்கின் கணக்குப் பெயரை வைத்துவிட்டு, உண்மையில் அழைக்கப்பட்ட எண்ணை "டூ" தலைப்பில் வைத்து அனுப்புகின்றன. ஆஸ்டரிஸ்க் இயல்பாக முதல் வரியைத்தான் பார்க்கும். ஃப்ரீபிபிஎக்ஸில், அழைப்பு எந்த விதித் தொகுதிக்குள் நுழைய வேண்டும் என்று சொல்லும், ட்ரங்க்கின் கான்டெக்ஸ்ட் கட்டத்தில் வழக்கமான பெயரின் இறுதியில் "டூ-ஹெடர்" சேர்ந்த வகையை இட்டால், எண் அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கப்படும்.

அறிகுறி: சில மணி நேரங்களில் மட்டும் தவறான இடத்துக்குப் போகிறது

நாள் முழுவதும் அல்ல, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பிழை என்றால் நேர விதியைத் தவிர வேறு எதையும் முதலில் தொட வேண்டாம். காலை 9.30 முதல் மாலை 6 வரை அலுவலக நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் காலை முழுவதும் "அலுவலகம் மூடப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பு ஒலிக்கிறது, மதியம் 3 மணிக்கு எல்லாம் சரியாகிவிடுகிறது, இரவு 11.30 வரை வரவேற்பாளர் மேசையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த அறிகுறியைக் கண்டால் கணக்கு ஒன்றுதான்: சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகிறது, இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில்தான் வருகின்றன. இயங்குதளத்தின் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றி, நேர விதியில் தனியாக மண்டலம் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் பார்த்து, ஆஸ்டரிஸ்க்கை மறுதொடக்கம் செய்யுங்கள். நேர விதியில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து எழுதிச் சமாளிப்பவர்கள் உண்டு. சிடிஆர் நேரங்கள் எல்லாம் பொய்யாகவே தொடரும், அடுத்து பராமரிக்க வருபவர் அதைத் திருத்தும் நாளில் அலுவலகம் மறுபடி மூடிக்கொள்ளும்.

கடிகாரம் சரியாக இருந்தும் பிழை என்றால், நேர விதியைக் கையால் மாற்றும் பொத்தான் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பொங்கல் விடுமுறைக்காக யாரோ "மூடிய நிலை"க்கு மாற்றிவிட்டு, திரும்பி வந்தபின் அதை எடுக்க மறந்திருப்பார்கள்.

அறிகுறி: ஐவிஆரில் எண்ணை அழுத்தினாலும் எதுவும் நடப்பதில்லை, அல்லது வெகுநேரம் கழித்து நடக்கிறது

இரண்டும் வெவ்வேறு பழுதுகள். அழுத்திய எண் கன்சோலில் தோன்றவே இல்லையென்றால், இலக்க ஒலி வந்து சேரவில்லை. இந்த ஒலியை அனுப்ப, ஆர்எஃப்சி 4733 தரப்படி தனிப் பொட்டலங்களாக அனுப்புவது, பேச்சோடு கலந்து அனுப்புவது, எஸ்ஐபி இன்ஃபோ செய்தியாக அனுப்புவது என்று மூன்று முறைகள் உண்டு. ட்ரங்க்கின் இரு முனைகளும் ஒரே முறையைப் பேச வேண்டும். பேச்சோடு கலந்து அனுப்பும் முறையை ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக்கோடு (குரலை டிஜிட்டலாக்கும் முறை) சேர்த்து வைத்தால், சுருக்கத்தில் ஒலி சிதைந்துவிடும், அங்கே ஜி.711 தான் பொருந்தும்.

எண் தோன்றுகிறது, ஆனால் மூன்று நான்கு விநாடி தயங்கி நடக்கிறது என்றால், ஐவிஆரில் எக்ஸ்டென்ஷனை நேரடியாக அழுத்தும் வசதி இயக்கத்தில் இருக்கும். அழைப்பவர் 1 அழுத்தியதும், அவர் விற்பனைப் பிரிவைக் கேட்கிறாரா, 101-ஐ அழுத்தத் தொடங்கியிருக்கிறாரா என்று அமைப்புக்குத் தெரியாது. அடுத்த இலக்கத்துக்காகக் காத்திருக்கிறது. பட்டியல் எண்களில் பயன்படாத ஓர் இலக்கத்தில் எக்ஸ்டென்ஷன்கள் தொடங்குமாறு வைத்தால் தயக்கம் போய்விடும்.

அறிகுறி: ரிங் குரூப்பில் ஒருமுறை மணி அடித்து, எல்லோருடைய போனும் நின்றுவிடுகிறது

மேசை போன்களோடு மேலாளரின் கைபேசி எண்ணையும் ரிங் குரூப்பில் சேர்த்திருக்கும் இடங்களில்தான் இது வரும். அந்தக் கைபேசிக்குப் போகும் அழைப்பு அனலாக் லைன் வழியாக வெளியேறுகிறதா என்று பாருங்கள். எதிர்முனை எடுத்ததும் லைனில் நிகழும் போலாரிட்டி (மின்முனை) மாற்றத்தைக் கண்டறியும் வசதி இல்லாத அனலாக் லைனில், எதிர்முனை எடுத்துவிட்டதா, இன்னும் மணிதான் அடிக்கிறதா என்பதை ஆஸ்டரிஸ்க்கால் அறிய முடியாது. அதனால் எண்ணை அழுத்தி முடித்தவுடனேயே "பதில் கிடைத்தது" என்று முடிவு செய்கிறது. குரூப்பில் ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற போன்கள் நிற்பதுதானே முறை? அவை நின்றுவிடுகின்றன. அழைத்தவரோ மேலாளரின் கைபேசி அடிப்பதையோ, "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற அறிவிப்பையோ கேட்டுக்கொண்டிருப்பார்.

ரிங் குரூப்பில் "உறுதி செய்" தேர்வை இயக்குங்கள். வெளி எண்ணில் எடுப்பவர் 1 அழுத்தினால்தான் அழைப்பு அவருக்குப் போகும். அதுவரை மற்ற மேசைகளில் மணி தொடரும். கைபேசியின் வாய்ஸ்மெயில் அழைப்பை விழுங்கிவிடும் தொல்லைக்கும் இதுவே தீர்வு. குரூப்பில் வெளி எண்ணைச் சேர்க்கும்போது அதன் இறுதியில் ஹேஷ் குறி இருக்க வேண்டும் என்பதையும் சரிபாருங்கள்.

கியூவில் அழைப்பு காத்திருந்துகொண்டே இருக்கிறது, முகவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்றால், அவர்கள் உண்மையிலேயே உள்நுழைந்திருக்கிறார்களா, யாராவது உணவு இடைவேளைக்கு இடைநிறுத்தம் போட்டுவிட்டு எடுக்காமல் இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அறிகுறி: வெளியே சில எண்களுக்கு மட்டும் அழைப்பு போவதில்லை, அல்லது வேறு லைனில் போகிறது

வெளிச்செல்லும் வழிகளைப் படிக்கும்போது ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் வழிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதலில் பொருந்தும் வழியே எடுத்துக்கொள்ளப்படும், கீழே அதைவிடத் துல்லியமான வழி இருந்தாலும் அதற்கு வாய்ப்பே வராது. ஆனால் ஒரே வழிக்குள் பல வடிவங்கள் இருந்தால், அவற்றில் மிகத் துல்லியமானதே வெல்லும். அங்கே எழுதிய வரிசைக்கு மதிப்பு இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் மணிக்கணக்கில் தடுமாறுகிறார்கள். வடிவ எழுத்துகளில் எக்ஸ் என்பது 0 முதல் 9 வரை, இஸட் என்பது 1 முதல் 9 வரை, என் என்பது 2 முதல் 9 வரை. புள்ளி என்பது ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட எந்த இலக்கங்களும். மேலே உள்ள வழி ஒன்றில் யாராவது வெறும் புள்ளியை எழுதி வைத்திருந்தால், கீழே உள்ள வழிகள் அனைத்தும் அலங்காரம்தான்.

இந்தியாவில் 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். அதற்கு முன் அமைக்கப்பட்ட பெட்டிகளில், உள்ளூர் கைபேசிக்குப் பத்து இலக்கம் என்றே வழி எழுதப்பட்டிருக்கும். ஊழியர்களிடம் பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட, வெளிச்செல்லும் வழியில் முன்சேர்ப்புக் கட்டத்தில் 0 போட்டுவிடுவது நல்லது. ஆனால் ட்ரங்க்கின் அமைப்பிலும் இன்னொரு முன்சேர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டு இடத்திலும் இருந்தால் எண் 00 என்று தொடங்கி, வெளிநாட்டு அழைப்பாகப் படிக்கப்பட்டு மறுக்கப்படும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. கைபேசி அழைப்புகள் சிம் பொருத்திய கேட்வே (கைபேசிப் பிணையத்தோடு இணைக்கும் பெட்டி) வழியாகவும், எஸ்டிடி அழைப்புகள் பிஆர்ஐ வழியாகவும் போக வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். கைபேசி எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குபவை என்பதால், 0, அடுத்து 6 முதல் 9 வரை ஒன்று, அடுத்து ஒன்பது இலக்கங்கள் என்று கைபேசி வடிவம் எழுதப்பட்டிருக்கிறது. கேட்வே முன்னால் உள்ள 0-வை நீக்கிவிட்டு அழுத்துகிறது. சென்னைக்கும் மதுரைக்கும் எல்லாம் சரியாகப் போகிறது. பெங்களூருக்கு மட்டும் "எண் தவறானது" என்று வருகிறது, சில வேளை யாரோ ஒருவருடைய கைபேசி எடுக்கிறது. பெங்களூரின் எஸ்டிடி குறியீடு 080, அதன்பின் எட்டு இலக்கங்கள், மொத்தம் பதினொன்று. கைபேசி வடிவத்துக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. கேட்வேயில் 0 நீக்கப்பட்டதும், எஞ்சிய பத்து இலக்கம் 80-இல் தொடங்கும் ஒரு கைபேசி எண்ணாகிவிடுகிறது. அகமதாபாத்தின் 079-க்கும் இதே கதிதான். இந்தக் குறியீடுகளுக்குரிய தரைவழி எண்களுக்கு, குறியீட்டை அடுத்து 2, 4 போன்ற தரைவழித் தொடக்க இலக்கம் வருமாறு தனி வழி எழுதி, அதைக் கைபேசி வழிக்கு மேலே நகர்த்துங்கள்.

வடிவம் பொருந்துகிறது, ட்ரங்க் மறுக்கிறது என்றால், மறுப்பின் எண்ணைப் படியுங்கள். 404 அல்லது 484 வந்தால் நீங்கள் அனுப்பிய எண்ணின் வடிவம் அவர்களுக்கு ஏற்புடையதாக இல்லை. 403 வந்தால், உங்களுக்கு ஒதுக்கப்படாத எண்ணை அழைப்பவர் எண்ணாகக் காட்ட முயன்றிருக்கலாம். எக்ஸ்டென்ஷன் எண்ணே அப்படியே வெளியே போவது இதில் வழக்கமான காரணம். 488 வந்தால் கோடெக் ஒத்துப்போகவில்லை. 503 வந்தால் அந்தப் பக்கம் காலியான சேனல் இல்லாமல் இருக்கலாம். முதல் ட்ரங்க் தோற்றால் ஃப்ரீபிபிஎக்ஸ் அடுத்த ட்ரங்க்குக்குப் போகும். ஆனால் 486, அதாவது "என்கேஜ்" என்று பதில் வந்தால் இயல்பாக நின்றுவிடும். தன் லைன்கள் நிறைந்தபோதும் "என்கேஜ்" என்றே பதில் தரும் சேவை நிறுவனமாக இருந்தால், ட்ரங்க் அமைப்பில் "என்கேஜ் என்றாலும் தொடர்" என்னும் தேர்வை இயக்க வேண்டும்.

அறிகுறி: பேச்சு நடுவில், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் அறுந்துபோகிறது

நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தால் காரணம் தானாக வெளிவரும். எடுத்து 32 விநாடியில் அறுந்தால், அழைப்பை ஏற்றுக்கொண்டோம் என்ற செய்திக்கு எதிர்முனையின் ஒப்புதல் வந்து சேரவில்லை. எஸ்ஐபி அரை விநாடியின் 64 மடங்கு வரை காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது. பெரும்பாலும் நம் பெட்டி தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைச் சொல்லியிருக்கும். ஒப்புதல் எங்கோ போய்த் தொலைந்திருக்கும். வெளி ஐபி முகவரியையும் உள் பிணையத்தையும் எஸ்ஐபி அமைப்புகளில் சரியாக எழுதி, ரவுட்டரில், எஸ்ஐபி செய்திகளை இடையில் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் புகாருக்கும் முதலில் இதையே செய்து, குரல் வந்துபோகும் 10000 முதல் 20000 வரையான யூடிபி போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறத்தாழ 15 நிமிடத்திலோ 30 நிமிடத்துக்குச் சற்று முன்போ அறுந்தால், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்க்கும் 1800 விநாடி செஷன் டைமரின் புதுப்பிப்புச் செய்தி இடையில் தொலைகிறது.

அறிகுறி: யாரும் பேசவில்லை, ஆனால் எல்லா லைனும் என்கேஜ்

இரவில் நிறுவன எண்ணை உரிமையாளரின் கைபேசிக்குத் திருப்பி வைக்கிறார்கள். அவர் தன் கைபேசியில், "எல்லைக்கு வெளியே இருந்தால் அலுவலக எண்ணுக்கு அனுப்பு" என்று எப்போதோ போட்டிருக்கிறார். அவர் ரயிலில் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கும்போது ஒரே ஓர் அழைப்பு வந்தால் போதும்: அலுவலகம் கைபேசிக்கு அனுப்ப, கைபேசி அலுவலகத்துக்கே திருப்ப, ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு சேனல்கள் போகின்றன. பிஆர்ஐ இணைப்பில் பேச்சுக்கு 30 சேனல்கள். பதினைந்து சுற்றில் அனைத்தும் நிறைந்துவிடும். சிடிஆரில் ஒரே விநாடி நேரங்களில், ஒரே எண்ணுக்கு அடுக்கடுக்காக வரிகள் இருப்பதே அடையாளம். திருப்பியனுப்பும் ஏற்பாட்டை இரு முனைகளில் ஒன்றில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுக்கடுக்கான வரிகள் வெளிநாட்டு எண்களுக்குப் போயிருந்தால், நீங்கள் தேடுவது பிழை அல்ல, திருட்டு. வெளிநாட்டு வழியை உடனே அணைத்து, எல்லா எக்ஸ்டென்ஷன் கடவுச்சொற்களையும் மாற்றி, சேவை நிறுவனத்திடம் ஐஎஸ்டி வசதியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதன்பிறகு காரணத்தைத் தேடுங்கள்.

அறிகுறி: 108 அல்லது 112 அழுத்தினால் பக்கத்து மேசையில் மணி அடிக்கிறது

இந்தப் புகாரை யாரும் முன்வந்து சொல்வதில்லை. ஒருவர் மயங்கி விழும் நாளில்தான் தெரியவரும். ஆகையால் வேறு எந்தப் பழுதுக்காகப் போனாலும் நான் இதைப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன். எக்ஸ்டென்ஷன்களை 101-இல் தொடங்கி வரிசையாகக் கொடுப்பது நம் அலுவலகங்களில் பழகிப்போன வழக்கம். அந்த வரிசையில் எட்டாவது ஆளுக்கு 108, பன்னிரண்டாவது ஆளுக்கு 112 கிடைத்துவிடுகிறது. முதல் ஆளின் எண்ணே தீயணைப்புக்கான 101. உள் எக்ஸ்டென்ஷன் இருக்கும்வரை வெளிச்செல்லும் வழியில் அவசர எண்ணை எழுதி வைத்தும் பயனில்லை, அழைப்பு உள்ளேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் 2013-இல், டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் 911-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தியும், வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டியிருந்ததால் அழைப்பு போகவில்லை. அந்தத் தாயின் பெயரால் இயற்றப்பட்ட கேரி சட்டம், 2020 பிப்ரவரி 16 முதல் அங்கே புதிய பலலைன் தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் இல்லாமல் 911 போக வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

எக்ஸ்டென்ஷன்களை 301-இலிருந்து தொடங்குமாறு மாற்றிவிடுங்கள். 100, 101, 108, 112 ஆகிய நான்கையும் தனி வெளிச்செல்லும் வழியாக எழுதி, அவசர வழி என்று குறித்து, பட்டியலின் உச்சியில் வையுங்கள். பூஜ்யமோ ஒன்பதோ முன்னால் அழுத்திப் பழகியவர்களுக்காக, அந்த முன்னெண்ணோடு அழுத்தினாலும் போகுமாறு இரண்டாவது வடிவத்தையும் அதே வழியில் சேருங்கள். சோதிப்பதற்காக அவசர எண்ணை அழைத்து அங்கிருப்பவரின் நேரத்தை எடுக்கத் தேவையில்லை: ஆஸ்டரிஸ்க் கன்சோலில் "டயல்பிளான் ஷோ" கட்டளையோடு அந்த எண்ணையும் உள் கான்டெக்ஸ்டின் பெயரையும் கொடுத்தால், அழைப்பு போடாமலேயே அது எந்த வழியில் பொருந்துகிறது என்று காட்டிவிடும். நான்கு எண்களுக்கும் அவசர வழியின் பெயரே முதலில் வருகிறதா என்று பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கும் பழைய எக்ஸ்டென்ஷன் பட்டியலைக் கிழித்துவிட்டு, புதியதை ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.